குணமாக்கியது யார்? குடல் பாக்டீரியாவும் நரம்பும் ‘என் உடல்’ என்ற உரிமையும்

காயம்பட்ட நரம்பு மீண்டும் வளர்வதில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சுண்டெலிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு அவற்றில் மிகத் தெளிவானது. மருத்துவத்துக்கு இது புதிய வழி. தத்துவத்துக்கும் சமயத்துக்கும் இது மிகப் பழைய ஒரு கேள்வி, புதிய சான்றோடு வந்து நிற்கிறது. உடல் யாருடையது? அது தேறும்போது தேற்றியது யார்? வேறு உயிர்களின் செயலும் சேர்ந்துதான் ஒருவர் எழுந்து நடக்கிறார் என்றால், ‘என் உடல்’, ‘நான் தேறிவிட்டேன்’ என்ற கூற்றுகளில் எவ்வளவு உண்மை மிஞ்சும்? இதற்கு விடை தேட, முதலில் நரம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நரம்பு வளரும் விதம்

மூளையும் தண்டுவடமும் நீங்கலாக உடலெங்கும் ஓடுபவை புற நரம்புகள். ஒவ்வொன்றும் ஏராளமான ஆக்ஸான்களின் கட்டு. ஆக்ஸான் என்பது நரம்புச் செல்லிலிருந்து நீளும் மெல்லிய இழை. பாதத்தின் தொடு உணர்ச்சியைச் சுமந்து வரும் செல், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு நரம்பு முடிச்சில் இருக்கிறது. அதன் இழையோ கால் விரல் நுனி வரை போகிறது.

நரம்பு நசுங்கினாலோ அறுந்தாலோ, செல்லோடு தொடர்பு இழந்த பகுதி சிதைந்து போகும். ஆங்கிலேய உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதை விவரித்தார். இன்றும் அந்தச் சிதைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிதைந்த பாகத்தை வெள்ளை அணுக்களும், இழையைச் சுற்றியுள்ள சுவான் செல்களும் அகற்றித் தடத்தைச் சுத்தம் செய்கின்றன. அதன் பிறகு செல்லோடு ஒட்டியிருக்கும் முனையிலிருந்து புதிய இழை கிளம்பிப் பழைய தடத்தில் நீள்கிறது. மனித உடலில் அதன் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்காலருகே அறுந்த நரம்பு பாதத்தை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் நரம்பின் தூண்டுதல் இல்லாத தசை மெலிந்துவிடும். காலம் கடந்து நரம்பு வந்து சேர்ந்தாலும் இயக்கம் முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே இழை வளரும் வேகத்தைச் சிறிதளவு கூட்டினாலும் நோயாளிக்குப் பெரும் பயன் உண்டு.

தண்டுவடத்தில் இந்த வளர்ச்சி ஏறக்குறைய நடப்பதே இல்லை. மைய நரம்புச் செல்லுக்கு வளரும் ஆற்றலே கிடையாது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1981இல் மான்ட்ரியால் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலிகளில் புற நரம்பின் துண்டு ஒன்றை எடுத்து மைய நரம்பு மண்டலத்தோடு ஒட்டிப் பார்த்தனர். வளராது என்று கருதப்பட்ட இழைகள் அந்தத் துண்டுக்குள் நுழைந்து நெடுந்தூரம் வளர்ந்தன. ஆற்றல் செல்லுக்குள் இருந்தது. சூழல்தான் அதைத் தடுத்தது. ஒரு செல் தன்னளவில் என்ன செய்யும் என்பதைச் சுற்றியிருப்பவையே முடிவு செய்கின்றன என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. சூழலின் எல்லை குடல் வரை நீளும் என்பது பிறகு தெரியவந்தது.

லண்டன் ஆய்வு

சிமோனே டி ஜொவான்னி தலைமையிலான குழு, சுண்டெலிகளின் ஒரு பிரிவுக்கு ஒரு நாள் முழுவதும் விருப்பம்போல் உணவு, மறுநாள் முழுவதும் உணவில்லை என்ற முறையை வைத்தது. மற்றொரு பிரிவு வழக்கம்போல் உண்டது. சில எலிகள் 10 நாளும் சில எலிகள் 30 நாளும் இந்த முறையில் இருந்தன. அதன் பின் தொடைவழியே ஓடும் சயாட்டிக் நரம்பு நசுக்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இழைகளின் வளர்ச்சியை அளந்தபோது, இடைவிட்டுப் பட்டினி கிடந்த எலிகளில் அது சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

பட்டினி எப்படி நரம்பை எட்டுகிறது? எலிகளின் இரத்தத்தில் ஒரு பொருள் உயர்ந்திருந்தது: இண்டோல்-3-புரோப்பியோனிக் அமிலம். இதை எலியின் செல்களும் தயாரிப்பதில்லை, மனிதரின் செல்களும் தயாரிப்பதில்லை. உணவிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து குடலின் சில பாக்டீரியாக்களே இதைச் செய்கின்றன. நுண்ணுயிரே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் இந்தப் பொருள் இல்லை என்பதும், க்ளாஸ்டிரிடியம் ஸ்போரோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவை அவற்றின் குடலில் குடியேற்றினால் அது தோன்றுகிறது என்பதும் 2009இலேயே கண்டறியப்பட்டிருந்தன.

லண்டன் குழு சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்து இந்த வகைப் பாக்டீரியாக்களை அழித்தபோது பட்டினியின் பயன் மறைந்தது. க்ளாஸ்டிரிடியம் ஸ்போரோஜீன்ஸைத் திரும்பக் குடியேற்றியபோது வளர்ச்சி திரும்பியது. அதே பாக்டீரியாவில் அந்த அமிலத்தைச் செய்யும் மரபணுவை மட்டும் முடக்கிக் குடியேற்றியபோது பயன் இல்லை. நரம்பு நசுங்கிய பின் அமிலத்தை மட்டும் வாய்வழி கொடுத்தாலும் நரம்பு விரைவாகத் தேறியது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் வந்து சேர்வதும் இதற்குத் தேவைப்பட்டது. அவற்றைத் தடுத்தால் அமிலமும் பயன்படவில்லை.

தண்டுவடக் காயத்திலும் குடலின் பங்கு தெரிந்திருக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா கிகர்ல், பிலிப் போபோவிச் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்டுவடம் காயப்படும்போது குடல் பாக்டீரியாக்களின் சமநிலை குலைகிறது. காயத்துக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தச் சமநிலையைக் கெடுத்த சுண்டெலிகள் மோசமாகத் தேறின. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் கொடுக்கப்பட்டவை மேம்பட்டு நடந்தன. இரு ஆய்வுகளும் எலிகளைப் பற்றியவை. மனித நரம்புக் காயத்துக்கு இவற்றிலிருந்து உறுதியான சிகிச்சை இன்னும் உருவாகவில்லை. ஆயினும் ஒரு செய்தி நிலைபெற்றுவிட்டது: பாலூட்டி ஒன்றின் நரம்பு தேறும் செயலில் அந்தப் பாலூட்டி அல்லாத உயிர்களும் ஒரு கண்ணி.

உள்ளே வாழ்பவை

டெல்ஃப்ட் நகரத்து வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹுக் 1683இல் தன் பல்லில் படிந்த மாவு போன்ற அழுக்கைத் தன் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். ஒரு நாட்டின் மக்களைவிடக் கூடுதலான உயிர்கள் ஒரு மனிதனின் வாயில் வாழ்கின்றன என்று வியந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 2016இல் ரான் சென்டர், ஷை ஃபுக்ஸ், ரான் மிலோ ஆகியோர் செய்த கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிராம். எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறைய நிகர்.

இவை கருவிலேயே உடன் இருப்பவை அல்ல என்றாலும் பிறப்போடு வருபவை. பிரசவத்தின்போதும் அதன் பின்னும் தாயிடமிருந்து முதல் தொகுதி சேய்க்குக் கிடைக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக உள்ள திடப்பொருள் ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. குழந்தையின் குடலில் குடியேறும் பைஃபிடோபாக்டீரியாக்களே அதை உண்டு பெருகுகின்றன. தாய் ஊட்டும்போது தன் பிள்ளையோடு பிள்ளையின் குடலில் வாழும் உயிர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

இந்திய மருத்துவத்துக்கும் உடலில் உயிர்கள் வாழ்கின்றன என்ற எண்ணம் புதிதல்ல. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் கிருமிகளை 20 வகையாகப் பிரிக்கும்போது, உடலோடு இயல்பாகவே இருப்பவற்றை அந்தக் கணக்கிலிருந்து விலக்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய சக்கரபாணிதத்தர், இயல்பாக இருப்பவை நோய் செய்யாதவை என்று விளக்குகிறார். அவர்கள் கண்டது பாக்டீரியாவை அல்ல. ஆனால் உடலுக்குள் வாழும் பிற உயிர் எல்லாம் பகை அல்ல என்ற பகுப்பு அங்கே இருக்கிறது. சமணம் இன்னும் நுட்பமாகச் சென்றது. கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற உயிர்கள் கூட்டமாக ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்றும், அவை நிகோதம் என்றும் சமண நூல்கள் வகுத்தன. உடல் ஒன்று என்பதால் உயிர் ஒன்று என்று கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் துணிபு.

‘நான்’ எதுவரை?

உயிரியலாளர் சிலர் இந்தச் செய்திகளிலிருந்து துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தனர். ஸ்காட் கில்பர்ட், யான் சாப், ஆல்ஃபிரட் டௌபர் மூவரும் 2012இல் எழுதிய கட்டுரை, மனிதர் ஒருபோதும் தனி உயிராக இருந்ததில்லை, விருந்தோம்பும் உடலும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கூட்டே மெய்யான உயிர் என்று வாதிட்டது. இதற்கு வலுவான பின்னணி உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்று லின் மார்குலிஸ் 1967இல் வாதாடினார். இன்று அது பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. வளரும் நரம்பிழையின் முனைக்கு ஆற்றல் தருவதும் அந்த மைட்டோகாண்ட்ரியாதான்.

எனினும் கூட்டே உயிர் என்ற முடிவு சான்றைக் கடந்து செல்கிறது. குடல் பாக்டீரியாக்கள் உடலோடு ஒன்றாகப் பிறந்து ஒன்றாக மடிவதில்லை. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் பல இனங்கள் நீங்கிவிடுகின்றன. மனிதர் அதே மனிதராகவே இருக்கிறார். குடல் சுவர் கிழிந்து அதே பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்தால் அவையே உயிரைப் பறிக்கும். அதற்கும் மேல், வலி என்பது கூட்டுக்கு வருவதில்லை. நரம்பு அறுந்தவர் ஒருவர். மரத்துப்போன காலோடு படுக்கையில் கிடப்பவர் அவர். குடலில் வாழ்பவற்றுக்கு அந்தத் துன்பத்தில் பங்கில்லை. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1694 பதிப்பில் ஒரு வேறுபாட்டை வகுத்தார். பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் தொடர்கிற ஒரே வாழ்வு ஓர் உயிரினத்தை அதே உயிரினமாக வைத்திருக்கிறது. தன் செயலைத் தனதென்று அறியும் உணர்வு ஓர் ஆளை அதே ஆளாக வைத்திருக்கிறது. பாக்டீரியா முதலாவதில் பங்கு பெறுகிறது. இரண்டாவதில் அதற்கு இடமில்லை.

இந்தச் செய்தியைத் தமிழ் மண்ணில் வளர்ந்த இரு தரிசனங்கள் இருவேறு வழியில் எதிர்கொள்ளும். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளினார். அதன் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. ஒருவர் உடலைத் தம்முடையது என்று சொல்வதே, உடலுக்கு வேறாக உடையவர் ஒருவர் இருப்பதைக் காட்டும் என்பது அவற்றில் ஒன்று. உடலில் எத்தனை பாக்டீரியா இருந்தாலும் இந்த வாதம் அசைவதில்லை. உடல் உயிர் அல்ல என்பதே அதன் கருத்து. ஆனால் உடலின் மீதான உரிமையைச் சித்தாந்தமே முழுதாக உயிருக்குக் கொடுத்துவிடவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், அதாவது உடலும் கருவிகளும் உலகும் நுகர்வும், உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து கூட்டித் தந்தவை. உடல் தரப்பட்டது, சம்பாதித்தது அல்ல.

குடல் பாக்டீரியா இந்தப் பகுப்புக்கு எதிர்பாராத ஒரு விரிவைக் கொடுக்கிறது. புல் பூண்டு முதல் எல்லாப் பிறவியிலும் உயிர் உண்டு என்று கொள்ளும் மரபில், பாக்டீரியாவையும் உயிர் என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் மனிதருக்குத் தனுவாக இருக்கும் அதே உடல், பாக்டீரியாவுக்குப் புவனம். ஒருவர் வாழும் உடல், வேறு பலகோடி உயிர்கள் வாழும் உலகம். தனக்கு மட்டும் தரப்பட்டது என்று ஓர் உயிர் நினைக்கும் உடல், ஒரே நேரத்தில் பலருக்கும் தரப்பட்டிருக்கிறது. உடையவர் உண்டு என்ற மெய்கண்டாரின் வாதம் நிற்கும். உடையவர் ஒருவர் மட்டுமே என்று கொள்வதுதான் தளரும்.

பௌத்தம் உடையவரையே மறுக்கிறது. மணிமேகலை விளக்கும் பன்னிரு சார்புகளின் சாரம், எதுவும் தனித்துத் தோன்றுவதில்லை, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எழுகிறது, சார்பு அற்றால் எழுச்சியும் அறும் என்பது. லண்டன் ஆய்வை வாசிக்கும் பௌத்தர் அங்கே தமக்குப் பழகிய அமைப்பையே காண்பார். உணவு, அமினோ அமிலம், பாக்டீரியா, அமிலம், இரத்தம், வெள்ளை அணு, நரம்பு முடிச்சு, இழை என்று சங்கிலி ஓடுகிறது. சோதித்த கண்ணியை நீக்கியபோது அந்தக் கூடுதல் வளர்ச்சி நிகழவில்லை. எந்தக் கண்ணியும் தனியாக ‘குணமாக்குபவர்’ என்ற பெயருக்கு உரியதல்ல. ஆனால் பௌத்தத்தின் சார்புகள் முதன்மையாக விளக்குவது துன்பம் எப்படித் தொடர்கிறது, எப்படி நிற்கும் என்பதையே. எனவே பாக்டீரியாவைக் கொண்டு அதை ‘நிரூபித்துவிட்டோம்’ என்று கொண்டாடுவது அந்தப் போதனையின் நோக்கத்தைக் குறுக்குவதாகும்.

இவ்விரண்டையும் போலவே கூர்மையான ஒரு சிந்தனை ஐரோப்பாவிலும் எழுந்தது. கண்ணாடி வில்லைகளைத் தீட்டிப் பிழைத்த தத்துவஞானி ஸ்பினோசா, 1665 நவம்பரில் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்குக்கு எழுதிய கடிதத்தில், இரத்தத்துக்குள் வாழும் ஒரு புழுவைக் கற்பனை செய்தார். இரத்தத்தின் துகள்களைப் பிரித்தறியும் கண்ணும், அவை மோதுவதை ஆராயும் அறிவும் அதற்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு துகளையும் அது தனி முழுமை என்றே கருதும். அவை ஒரே இரத்தத்தின் பகுதிகள் என்பது அதற்குத் தெரியாது. பேரண்டத்தில் மனிதரும் அப்படியே இருக்கிறார்கள் என்றார் ஸ்பினோசா. உடலுக்குள் வாழும் நுண்ணுயிரை எவரும் பார்ப்பதற்கு முன்பே, முழுமை என்றும் பகுதி என்றும் சொல்வது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று அவர் காட்டிவிட்டார்.

உதவியும் நோக்கமும்

க்ளாஸ்டிரிடியம் ஸ்போரோஜீன்ஸ் யாருக்கும் உதவ எண்ணவில்லை. டிரிப்டோஃபானைச் சிதைத்துத் தன் பிழைப்பைப் பார்க்கிறது. அது வெளியேற்றும் பொருள் நரம்புக்குப் பயன்படுகிறது. அதன் நெருங்கிய உறவு க்ளாஸ்டிரிடியம் பாட்டுலினம். இரண்டும் அவ்வளவு ஒத்தவை என்பதால், நச்சில்லாத ஸ்போரோஜீன்ஸையே பாட்டுலினத்துக்குப் பதிலியாக வைத்து டப்பா உணவுகளின் பாதுகாப்பைச் சோதிப்பது வழக்கம். பாட்டுலினத்தின் நஞ்சு நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைத் தடுத்து மூச்சையே நிறுத்திவிடும். ஒரே குடும்பத்தில் ஒன்று நரம்பை முடக்குகிறது. மற்றொன்று நரம்பு வளரத் துணைசெய்கிறது. ஒன்றுக்குத் தீய எண்ணமும் இல்லை, மற்றொன்றுக்கு நல்லெண்ணமும் இல்லை.

நோக்கமில்லாத நன்மைக்கு நன்றி பொருந்துமா? நன்றி என்பதைக் கொடுத்தவரின் எண்ணத்துக்குச் செலுத்தும் விலையாகக் கொண்டால் பொருந்தாது. மழையிடமும் மண்ணிடமும் தமிழர் காட்டும் நன்றி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. தன் ஆற்றலால் மட்டும் கிடைக்காத ஒன்றைப் பெற்றிருக்கிறோம் என்று உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்வதே அந்த நன்றி. நம்பிக்கையுள்ளவர் அதை இறைவனுக்குச் செலுத்துவார். நம்பிக்கையில்லாதவர் இயற்கையைப் பேணுவதில் காட்டுவார். இருவருக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றே.

இதிலிருந்து நோயாளிகளைப் பற்றிய ஒரு நீதியும் பிறக்கிறது. ஒருவர் விரைவில் தேறினால் அவருடைய மனவுறுதியைப் புகழ்வதும், தேறாதவரைப் பார்த்து உறுதி போதாது, நம்பிக்கை போதாது, முன்வினை விடவில்லை என்று சொல்வதும் பரவலான வழக்கம். மனவுறுதி பயிற்சியைத் தொடரச் செய்யும். அதன் மதிப்பு குறைவல்ல. ஆனால் நரம்பு வளர்வதும் வளராததும், காயத்தின் தன்மை, வயது, சிகிச்சை தொடங்கிய நேரம் முதல் குடலில் எந்த இனம் குடியிருக்கிறது என்பது வரை, நோயாளியின் கையில் இல்லாத பலவற்றைச் சார்ந்திருக்கிறது. தேறியவரின் பெருமைக்கு அளவு வேண்டும். தேறாதவரின் மீது பழி சுமத்துவதற்கு இடமே இல்லை.

விரதமும் நரம்பும்

பட்டினி கிடந்த எலியின் நரம்பு விரைந்து வளர்ந்தது என்ற செய்தி வந்ததும், விரதத்தின் பெருமையை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்று எழுதத் தோன்றும். ஏகாதசி, கந்த சஷ்டி, ரமலான், கிறிஸ்தவரின் தவக்காலம் என எல்லா மரபுக்கும் இது இனிப்பான செய்தி. ஆனால் இந்த இணைப்பு இரு பக்கமும் பொருந்தவில்லை.

உடலின் பக்கம் பார்த்தால், 24 மணி நேரப் பட்டினி சுண்டெலி போன்ற சிறு உயிருக்கு மிகக் கடுமையானது. மனிதரின் ஒரு நாள் நோன்போடு அதை நேராக ஒப்பிட முடியாது. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர், இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடந்தால், இரத்தச் சர்க்கரை திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சமயத்தின் பக்கம் பார்த்தால், எலி விரதம் இருக்கவில்லை. அதற்கு உணவு மறுக்கப்பட்டது. அதற்குச் சங்கல்பம் இல்லை, வேண்டுதல் இல்லை, யாரையும் நினைத்து அது பசியைப் பொறுக்கவில்லை. ஆயினும் நரம்பு வளர்ந்தது. நரம்பை வளர்த்தது பசியின் வேதியியல், பக்தி அல்ல. இதனால் பக்தி சிறுமைப்படவில்லை. விரதத்தின் நோக்கம் வேறு என்பதுதான் தெளிவாகிறது. ஆசையை அடக்குவதும், இல்லாதவரின் பசியை அறிவதும், நினைவை இறைவன்பால் வைப்பதும் அதன் பயன்களாக மரபுகள் சொல்லி வந்தவை. அவற்றுக்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை. நாளைக்கே மற்றோர் ஆய்வு பட்டினியால் தீங்கு என்று சொன்னால் விரதத்தின் பொருள் போய்விடுமா? போகாது என்பவர், இன்றைய ஆய்வால் அதற்குப் பொருள் கூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

சுண்டெலியின் வலி

இந்த அறிவு எப்படிக் கிடைத்தது என்பதையும் சமய நோக்கு விலக்கிவிட முடியாது. எலிகளின் நரம்பு நசுக்கப்பட்டது. பின்னர் அவற்றின் திசுக்கள் எடுத்து ஆராயப்பட்டன. சுண்டெலி தேர்ந்தெடுக்கப்பட ஒரு காரணம், அதன் நரம்பு மனித நரம்பைப் போன்றது என்பது. எந்த ஒற்றுமை ஆய்வைப் பயனுள்ளதாக்குகிறதோ, அதே ஒற்றுமைதான் அதை அறச் சிக்கலாகவும் ஆக்குகிறது. நரம்பு ஒத்திருந்தால் வலியும் ஒத்திருக்கும் அல்லவா? பாக்டீரியாவுக்கு நரம்பு இல்லை. அது வலியை உணர்கிறது என்று கொள்ள அடிப்படை இல்லை. எலிக்கு அது உண்டு.

கொல்லாமையை அறங்களில் முதன்மையாக வைத்த வள்ளுவர், கிடைத்ததைப் பகிர்ந்துண்டு பல உயிர்களையும் காப்பதை அதே அதிகாரத்தில் தலையாய அறமாக வைக்கிறார். இந்த அளவுகோலில் விலங்கு ஆய்வு எளிதில் தேறாது. வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் இருவரும் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர். மாற்று வழி உள்ள இடத்தில் விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவும் விலங்கு ஆய்வுகளை ஒழுங்குபடுத்துகின்றன. சட்டம் அனுமதித்ததால் கடன் தீர்ந்துவிடாது. ஒரு நோயாளி எழுந்து நடக்க ஒரு மாத்திரை வருமானால், அதன் பின்னால் பாக்டீரியாவின் நோக்கமற்ற உழைப்பும் எலி கேளாமல் பெற்ற துன்பமும் இருக்கும். அந்த அறிவை வீணாக்காமல் பயன்படுத்துவதும், ஏற்கெனவே தெரிந்ததை மீண்டும் காட்டுவதற்காக மற்றோர் எலியைத் துன்புறுத்தாமல் இருப்பதும் குறைந்தபட்சக் கடமை.

உடையவரும் பொறுப்பாளரும்

குடல் பாக்டீரியா பற்றிய அறிவு உயிர் இல்லை என்று காட்டவில்லை, உண்டு என்றும் காட்டவில்லை. அந்த வழக்கு வேறு நீதிமன்றத்தில் நடப்பது. அது காட்டுவது ஒன்றுதான்: உடலின் மீது தனியுரிமை கொண்டாட யாருக்கும் ஆதாரம் இல்லை. தாயிடமிருந்து வந்த உயிர்கள், உழவர் விளைத்த உணவிலிருந்து, நரம்பை வளர்க்கும் பொருளைச் செய்கின்றன. ‘நான்’ என்பவர் வலியை உணர்கிறவராகவும், முடிவெடுப்பவராகவும், செயலுக்குப் பதில் சொல்பவராகவும் நிலைத்திருக்கிறார். உடலை முழுதாக ஆக்கியவர், ஆள்பவர் என்ற தகுதியை மட்டும் இழக்கிறார். உடையவர் என்ற இடத்திலிருந்து பொறுப்பாளர் என்ற இடத்துக்கு அவர் நகர்கிறார்.

பொறுப்பாளரின் கடமைகள் எளியவை. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் பயன்படாது. தேவையில்லாமல் அதை விழுங்கும்போது நோயைச் செய்யாத இனங்களும் மடிகின்றன. மருத்துவர் எழுதாமல் கடையில் வாங்கி உண்பதை நிறுத்த வேண்டும். தேவை என்று அவர் எழுதினால் தயங்காமல் உண்ண வேண்டும். காய், கீரை, பயறு, தீட்டாத தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து குடலில் வாழ்பவற்றுக்கு உணவு. அதைத் தட்டில் வைக்க வேண்டும். நரம்பில் அடிபட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவரிடம் நம்பிக்கையைச் சோதிக்காமல், பயிற்சிக்குத் துணை நிற்க வேண்டும். உடலைக் கோயில் என்று போற்றுபவரும் புழுக்கூடு என்று வெறுப்பவரும், அங்கே தம்மோடு வேறு உயிர்களும் குடியிருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப நடப்பதே அறம்.